லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்

1

கோவிந்தா என்று பெயரைச் சொல்லித்தான் எதையும் தொடங்குவது என் வழக்கம். இதையும் அப்படியே தொடங்குகிறேன். மனதில் இருப்பதை எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இது இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

லண்டனுக்குக் கிழக்கே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் நகரிப் பக்கத்துக்காரன். பத்தாவது வரை படிப்பு. இங்கே வந்து ஆறு வருடம் முடிந்து ஏழாவது நடக்கிறது. மனைவி கோமதி, பதினைந்து வயதில் மகள் நிவேதா, அவளுக்குக் கீழே ஒரு பையன்.

போன வாரம் நிவேதாவின் பள்ளிக்கூடத்தில் அவரவர் ஊர் உடுப்பில் வரச்சொல்லி ஒரு நாள் வைத்திருந்தார்கள். அன்று காலை நான் கடைக்குக் கிளம்பி ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் மகள் புடவையில் நிற்கிறாள். மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. மடிப்புத் தடம் கலையாத புதுப்புடவை. கொசுவம் சரியாக வராமல் வயிற்றில் பந்தாகச் சுருண்டிருந்தது. ஆனால் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னிடம் காட்டத்தான் இறங்கி வந்திருக்கிறாள்.

"அவுருடி அத!" என்று கத்தினேன். "மொதல்ல அவுரு!"

கோமதி சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்து, "ஐயோ பெருமாளே" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

நிவேதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சும்மாதானே மேல் தட்டுல இருக்குது? யாருமே கட்டறதில்ல. நான் கட்டுனா இன்னா?"

"அது கட்டற பொடவ இல்ல."

"பின்ன எதுக்கு வாங்கி வெச்சீங்க?"

எட்டி முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பெற்ற பெண்ணின் முந்தானையை அப்பன் பிடித்து இழுக்கலாமா? இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "லீவ் மீ அலோன்!" என்று அலறிக்கொண்டு மேலே ஓடினாள். கதவு சாத்திய அதிர்வில் கூடத்துப் பெருமாள் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

என்னை விட்டுத் தொலையுங்கள் என்று அதற்கு அர்த்தம். இந்த லீவ் என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அந்த வழக்கில் கடைசிச் சாட்சி அந்தப் புடவைதான்.

2

நம் ஊரில் லீவு என்றால் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பெருமழை என்றால் லீவு. கங்கம்மா ஜாத்திரை என்றால் லீவு. எலெக்‌ஷன் பெட்டி வைத்தால் லீவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொல்லுகிற சொல்.

நான் படித்தது தமிழ் மீடியம். ஹெட்மாஸ்டர் மட்டும் தெலுங்குக்காரர். அவருக்கு லீவு என்பது 'செலவு'. "செலவு சீட்டி எக்கடரா?" என்று, லீவுச் சீட்டைக் கேட்டுப் பிரம்பை நீட்டுவார். தமிழில் செலவு என்றால் வேறாயிற்றே என்று முதல் வருடம் முழித்தோம். பிறகு அதுவும் பழகிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்தச் சீட்டை இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வகுப்பு முழுக்க ஒரே வாசகம்தான். காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் லீவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஜாத்திரைக்குப் போனாலும் காய்ச்சல்தான். மாடு கன்று போட்டாலும் காய்ச்சல்தான்.

எனக்கு அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தது அக்கா. தேசம்மா என்று பெயர். என்னைவிட நான்கு வயது மூத்தவள், எட்டாவதோடு நின்றவள். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா விசைத்தறியிலிருந்து வர நேரமாகும் என்பதால் அவர் கையெழுத்தையும் அவளே போட்டுவிடுவாள். தெலுங்கில், கொக்கி கொக்கியாக. நைனாவே பார்த்தாலும் தான் போட்டது என்றுதான் நினைப்பார்.

ஒருமுறை எனக்கு நான்கு நாள் லீவு வேண்டியிருந்தது. காய்ச்சலுக்கு இரண்டு நாளுக்குமேல் தரமாட்டார்கள். "பெரியப்பா செத்துட்டார்னு எழுதுக்கா" என்றேன்.

"நமக்குப் பெரியப்பாவே இல்லியேடா."

"இல்லாதவரு செத்தா யாருக்கு நஷ்டம்? எழுது."

எழுதினாள். அடுத்த வருடமும் அதே பெரியப்பா செத்தார். ஹெட்மாஸ்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஏம்ரா, உன் பெதனாயன வருசத்துக்கு ஒரு தபா சாவறாரா? வருசத் திதியா சாவறாரா?" என்றார். வகுப்பே சிரித்தது. கையில் நான்கு அடி. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அக்கா என் கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "சாவ வெச்சி பொய் சொல்லக் கூடாதுடா. அது ஒருநாள் திரும்பி வரும்" என்றாள். சொன்னவளுக்கும் அப்போது பதினைந்து, பதினாறு வயதுதான். எங்கேயோ கேட்டதைச் சொல்லியிருப்பாள்.

பிறகு புத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்தார்கள். மாமாவுக்குக் கரும்பும் வேர்க்கடலையும் பயிர். ஜில்லாவைப் பிரித்தபோது நாங்கள் சித்தூரிலும் அக்கா வீடு திருப்பதியிலும் போய்விட்டது. "கலெக்டர்கூட நம்மள பிரிச்சிட்டாருடா" என்று போனில் சிரித்தாள். நைனாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான்.

3

இங்கே வந்து நான் முதலில் கற்ற லீவ்ஸ் கறிவேப்பிலை. சரக்கறையில் பெட்டிமேல் கறி லீவ்ஸ் என்று எழுதியிருக்கும். அதற்கும் லீவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம், அந்தப் பெட்டியில் ஏதோ விடுமுறைக் கணக்கு இருக்கிறது என்று நினைத்துத் தொடாமல் இருந்தேன். தேங்காய்ச் சட்னி கறிவேப்பிலை இல்லாமல் போனதைப் பார்த்து முதலாளி, "மாஸ்டரே, வேண்டுதலா?" என்றார்.

பிறகு தினமும் அந்தச் சொல் காதில் விழ ஆரம்பித்தது. லீவ் இட் என்றால் தொடாதே. கதவை லீவ் பண்ணு என்றால் சாத்தாதே. வேலை முடிந்து கிளம்பினால் லீவிங். கூட வேலை செய்கிற ருமேனியாக்காரனை அவன் மனைவி லீவ் பண்ணிவிட்டாள். சர்ச் வாசலில் ஒருவர் இறந்த அறிவிப்பில், மூன்று பிள்ளைகளை லீவ் பண்ணியிருக்கிறார் என்று போட்டிருந்தது. விட்டுப் போனது, விட்டு வைத்தது இரண்டுக்கும் ஒரே சொல்.

இங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் ஐந்து வருடம் முடிந்து மனுப் போட வேண்டும். அதற்கு முன்னால் இங்கிலீஷ் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தில் ஒரு வயதான அம்மா இலவசமாக வகுப்பு எடுத்தார். நாங்கள் கேட்கப்போகிற அனுமதியின் பெயரைப் பலகையில் எழுதினார். இன்டெஃபினிட் லீவ் டு ரிமெய்ன். முடிவில்லாமல் தங்குவதற்கான லீவ்.

நான் கை தூக்கினேன். "மேடம், தங்குவதற்கு ஏன் போ என்று பெயர்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு உத்தரவு என்று ஓர் அர்த்தம் என்றார். எஜமான் கொடுக்கிற உத்தரவு. நீங்கள் வேலையில் கேட்கிற லீவும் அதுதான், போகிறேன் என்கிற லீவ் வேறு குடும்பத்துச் சொல் என்று விளக்கினார். எனக்கு அது சட்டென்று புரிந்தது. கோயிலில் கேட்டுக்கொண்டு கிளம்புவோமே, அந்த உத்தரவு. நாட்டில் இருக்கவும் உத்தரவு, நாட்டைவிட்டு நகரவும் உத்தரவு.

இந்த மனு விஷயம் அக்காவுக்கு முழுதும் தெரியாது. தம்பிக்கு ஏதோ பெரிய பேப்பர் வர வேண்டும் என்று மட்டும் தெரியும். ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போனில் சொன்னாள்.

"பேப்பர் வந்ததும் நீயே வந்து அவுத்து உண்டில போடணும். நான் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வராம எங்க போறேன்?"

"அப்படித்தான் ரெண்டு வருசமா சொல்லிக்கினு இருக்கற."

அது உண்மை. ஐந்து வருடக் கணக்கில் குறை விழக்கூடாது என்று இரண்டு வருடமாக நான் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

4

மனுப் போட்டு மூன்றாவது மாதம். முற்பகல் பதினொரு மணி இருக்கும், மத்தியானக் கூட்டத்துக்குக் கல்லைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். மாமாவின் நம்பரிலிருந்து போன். அங்கே சாயந்திரம்.

"கோவிந்து, உங்க அக்கா போய்ட்டாடா."

நான் கல்லில் தண்ணீர் தெளித்தேன். ஏன் தெளித்தேன் என்று தெரியாது. கை பழக்கம்.

"டீ வெச்சி எறக்கிட்டு, அப்பாடான்னு ஒக்காந்தா. டீ கூட ஆறல."

"எப்ப எடுக்கறீங்க?"

"நீ சொல்லு. நீதான் கோடி போடணும்."

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், புருஷன் வீட்டார் எத்தனை புடவை போர்த்தினாலும் கணக்கில்லை. பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போட்ட பிறகுதான் பாடையில் வைப்பார்கள். அதுதான் கோடி. சுமங்கலியாகப் போனவளுக்கு மஞ்சளும் சிவப்புமாக இருக்க வேண்டும். கோடி இல்லாமல் போனால் அவளுக்குக் கேட்பாரில்லை என்று ஆகிவிடும். வாழ்ந்த நாளில் எத்தனை சண்டை இருந்தாலும் அந்தப் புடவைக்கு மட்டும் எல்லாரும் காத்திருப்பார்கள்.

"வந்துட்றேன் மாமா. எடுக்காதீங்க."

"எப்ப வருவ? ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும்."

"நாளன்னிக்குக் காலைல. கட்டாயம் வந்துட்றேன்."

இந்த வாக்கை நான் யோசித்துக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் சாவுச் செய்தி கேட்டு யாரும் யோசிப்பதில்லை. வருகிறேன் என்பதுதான் பதில். வேறு பதில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலாளியிடம் போனேன். முகத்தைப் பார்த்ததும் அவரே தோசைக்கரண்டியை வாங்கிக்கொண்டார். "லீவு எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்குங்க மாஸ்டரே. நான் ஆள் பாத்துக்கறேன்." ஒரு வார்த்தை மேலே பேசவில்லை. நல்ல மனிதர்.

வெளியே வந்ததும் நேரே எதிர் வரிசைப் புடவைக் கடைக்குப் போனேன். டிக்கெட்டுக்கு முன்னால் புடவை. மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. கடைப் பெண், "விசேஷமா அண்ணா? பரிசுத் தாளில் சுத்தித் தரட்டா?" என்றாள். தலையை ஆட்டினேன். வேண்டும் என்று புரிந்துகொண்டு பூப்போட்ட தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்தாள்.

5

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தபோதுதான் கோமதி கேட்டாள். "மனு உள்ள இருக்கும்போது போகலாமா? அந்த வக்கீலம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

எங்கள் காகிதங்களைப் பார்த்த வக்கீலம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மென்மையாகப் பேசுவார். அன்றும் மென்மையாகத்தான் பேசினார்.

"அண்ணா, முடிவு வர முன்னம் நீங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் விண்ணப்பம் தானாகவே இல்லாமல் போகும். உங்கட பழைய விசாவும் முடிஞ்சிட்டுது. திரும்பி உள்ள வரேலாது. உங்கட மனிசி, பிள்ளையள் எல்லாரும் உங்கட பேரிலதான் நிக்கினம்."

"என் அக்காம்மா அது. கூடப் பொறந்த அக்கா."

"விளங்குது அண்ணா. எனக்கும் அப்பிடி ஒண்டு நடந்தது. நான் போகேல்ல." பிறகு, "முடிவு உங்கட" என்றார்.

கோமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. அதை இங்கே எழுதியாக வேண்டும். "போறதுன்னா போங்க. நாங்க பொட்டி கட்டிக்கினு பின்னாலயே வந்துட்றோம்" என்றாள். ஆகவே பழியை அவள்மேல் போட எனக்கு வழியில்லை. முடிவு என்னுடையது. பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமாவுக்கு உடனே போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அங்கே இருட்டிவிட்டது, துக்க வீட்டில் இப்போது எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் சொல்லலாம் என்றேன். காலையில், சாமி கும்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்றேன். அந்த நேரமெல்லாம் நான் கிளம்பி வந்துகொண்டிருக்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் மாமாவே கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம்.

"எங்கடா இருக்கற? மெட்ராசுக்குக் காரு அனுப்பணும்னு பாபு நிக்கறான்." பாபு எங்கள் சித்தப்பா மகன்.

அப்போது என் வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. மனு, விசா, உத்தரவு, தானாக இல்லாமல் போகும் சட்டம், இதையெல்லாம் அந்த மேளச் சத்தத்தில் யாருக்கு விளக்குவது? எல்லாருக்கும் தெரிந்த சொல்லைச் சொன்னேன்.

"லீவு கெடைக்கல மாமா."

மேளம் மட்டும் கேட்டது. பிறகு மாமா, "அக்கா செத்ததுக்குக்கூட லீவு தராத வேலய எதுக்குடா செய்யற?" என்றார். கோபமாகக்கூட இல்லை. தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டார். பக்கத்தில் யாரோ, "இன்னாவாம்?" என்றார்கள். "மொதலாளி வுடலியாம்" என்று மாமா அவர்களுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

பாபு புத்தூர்க் கடைவீதிக்கு ஓடி ஒரு புடவை வாங்கிவந்து, என் பெயரைச் சொல்லிப் போட்டானாம். எடுத்துவிட்டார்கள்.

எனக்கு லீவு தந்த மனிதரை ஊரே இன்றும் பாவி என்று ஏசுகிறது. அவரோ அந்த வாரம் முழுக்க என்னை அடுப்புப் பக்கம் விடாமல் தானே தோசை ஊற்றினார். சின்ன வயதில் இல்லாத சாவைச் சொல்லி லீவு வாங்கினேன். உண்மையான சாவு வந்தபோது வாங்கிய லீவை இல்லை என்றேன்.

6

ஐந்து வாரம் கழித்துத் தங்கும் உத்தரவு மெயிலில் வந்தது. நிவேதாதான் படித்தாள். "டாட், முடிவுத் தேதியே இல்ல. எப்ப வேணா போலாம், வரலாம்." பையன் குதித்தான். கோமதி அழுதாள். நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். பெருமாளைக் குறை சொல்லமாட்டேன். அக்கா என்ன கேட்டாளோ அதை அவர் கொடுத்துவிட்டார். அவளே நேரில் வந்து கேட்டபோது மறுப்பாரா?

அடுத்த மாதமே ஊருக்குப் போனேன். பெட்டியில் அந்தப் புடவையும் இருந்தது. அக்கா படத்துக்கு முன்னாலாவது வைக்கலாம் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக் கேட்டருகில் வாடகைக் காரை நிறுத்தியதும் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மாமாவின் அக்கா லோகம்மா வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"இன்னா அது கைல?"

"அன்னிக்கு அக்காவுக்கு வாங்கின கோடி."

"ஐயோ, நில்லுடா அங்கியே! உள்ள எடுத்துக்கினு வராத!" கையிலிருந்த முறத்தை நீட்டி மறித்தாள். "ஆளு போன பின்னால வர்ற கோடி இன்னொரு ஆளக் கேக்கும். தெரியாதா உனக்கு? சீமைக்குப் போய் எல்லாத்தயும் துன்னுட்டியா? ஆத்துல வுட்டுட்டு, தலைல தண்ணி ஊத்திக்கினு வா."

நகரி ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் இல்லை. கரை முதல் கரை வரை மணல். நடுவில் டிராக்டர் தடம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "இன்னா சார் தேடற?" என்றார்.

"தண்ணி."

"அத இங்க வந்தா தேடற?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மணலில் போட்டுவிட்டு வந்தால் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவமும் எனக்கா? கொளுத்தவும் கை வரவில்லை. மறுபடி காரில் வைத்துவிட்டு, பம்ப்செட்டில் குளித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். ஆற்றில் விட்டுவிட்டேன் என்று லோகம்மாவிடம் சொன்னேன். இரண்டாவது பொய்.

மாமா அதிகம் பேசவில்லை. சாமி மாடத்திலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்துக் கொடுத்தார். "நீயே அவுக்கணும்னு சொல்லிக்கினு இருந்தா. எங்களுக்குத்தான் தீட்டு, ஒரு வருசம் மல ஏறக் கூடாது. நீ போய்ட்டு வா." வாசல்வரை வந்து, "இன்னும் அதே மொதலாளிகிட்டதான் கீறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். அக்கா முடிச்சு சாதாரண முடிச்சு இல்லை. நகத்தால் வரவில்லை, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. ஒரு ரூபாயை உண்டியலில் போட்டேன். மஞ்சள் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புடவை என்னோடு திரும்பி லண்டனுக்கு வந்தது.

7

நிவேதா அன்று பள்ளிக்கூடத்துக்கு ஜீன்ஸில் போனாள். சாயந்திரம் வந்ததும் புடவையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். மடிக்கத் தெரியாமல் போர்வை மாதிரி சுருட்டியிருந்தாள். "சொல்லுங்க, இது இன்னா?" என்றாள்.

சொன்னேன். இங்கே எழுதிய வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் எட்டாத இடத்தில் கோமதி எடுத்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு தடவைகூட அவள் போனைத் தொடவில்லை. முடித்ததும், "உங்களுக்காகத்தான் நான் போகல" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"நான் கேட்டேனா?" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், எனக்கு நன்றாகவே புரிந்தது. "யாராவது என்கிட்ட கேட்டீங்களா? இத என் தலைல வெக்காதீங்க."

கோமதி, "ஏய், அப்பாகிட்ட இப்படியா பேசறது?" என்றாள். நான் தடுத்தேன். அவள் சொன்னது நியாயம்.

பிறகு நிவேதாவே கேட்டாள். "மாமாவுக்கு இப்பவாவது உண்மை தெரியுமா?"

"இல்ல."

"ஏன்?"

இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை போனை எடுத்தேன், வைத்தேன் என்பது பெருமாளுக்குத் தெரியும். அவள் எழுந்து மேலே போனாள். இந்த முறை கதவு மெதுவாகத்தான் சாத்தியது.

நேற்று அக்காவின் முதல் வருடத் திதி. அங்கே படையல் முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, இங்கே காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, மாமாவுக்குப் போன் செய்தேன். பேச்சை வளர்க்கவில்லை. வளர்த்தால் மறுபடி நழுவிவிடுவேன்.

"மாமா, அன்னிக்கு லீவு கெடச்சிது. கேட்டவொடனே குடுத்தாரு. மொதலாளி மேல தப்பில்ல. நான்தான் வரல." பிறகு மனு விஷயத்தைச் சொன்னேன். வந்திருந்தால் திரும்ப முடியாது என்று சொன்னேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு, வர முடியாதுன்னு?"

"நீங்க போன் பண்ண அன்னிக்கே. ரெண்டு மணி நேரத்துல."

"அன்னிக்கேவா?"

"ஆமா மாமா."

லைன் போய்விட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"நீ வராதது பெருசில்லடா. புள்ள குட்டிக்காரன். சொன்னா எங்களுக்குப் புரியாதா?" என்றார் மாமா. "அன்னிக்கே சொல்லியிருந்தா மறுநா காலைலயே எடுத்திருப்போம். கரண்ட்டு வேற போய்ப் போய் வந்துது. அந்தப் பொட்டில அவள வெச்சிக்கினு, ராத்திரியெல்லாம் ஐஸ் வாங்கி வாங்கிப் போட்டுக்கினு ஒக்காந்திருந்தோம். தம்பி வரான், தம்பி வரான்னு அவ காதுல சொல்லிக்கினு."



"சரி, வுடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

புடவை மேசைமேலேயே இருக்கிறது. ஒரு வாரமாகத் தட்டை நகர்த்தி வைத்துத்தான் சாப்பிடுகிறோம். யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.